ரப்பர் இல்லாத கைப்பிடி

மேல்சோலை எஸ்டேட்,
19 ஜனவரி 1974

மாப்பிள்ளை சின்னமுத்துவுக்கு,

இரண்டு வருடமாக நானும் உனக்கு எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இப்போதும் காரியம் இருப்பதால்தான் எழுதுகிறேன். அதை ஒளித்துக்கொண்டு சுகம் விசாரிக்க எனக்கு வராது. உன் அக்காளும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

உடுமலைப்பேட்டை பஸ் டிரைவர் சூசையப்பனிடம் ஒரு சாக்கு மூட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன். பொள்ளாச்சியில் சித்தூர் வண்டிக்கு மாற்றி ஏற்றிவிடுவார். உள்ளே இருப்பது எஸ்டேட்டு மெஷின் வாள். நீ இங்கே பாக்டரியில் பிட்டராக இருந்தபோது பார்த்த அதே மெஷின்தான். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடுகிறது, எளிதில் பற்றுவதில்லை. பற்றினாலும் யூக்காலி மரத்தில் பாதி இறங்கியதும் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. வேகம் கொடுக்கும் விசையில் ஸ்பிரிங் போய்விட்டது, அதனால் கம்பியால் கட்டியிருக்கிறேன். அதையும் பார்க்கவும். கோயம்புத்தூர்க் கடையில் இதற்கு இனிமேல் சாமான் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியவில்லை.

ஆபீசில் ஒரு சீட்டுக் கேட்கிறார்கள். ரிப்பேர் செய்தால் ஓடும் என்றோ, இனி உதவாது, கண்டம் என்றோ உங்கள் ஒர்க்ஷாப் முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்டம் என்று எழுதினால் எஸ்டேட்டில் புதிது வாங்கப்போவதில்லை. விறகு வெட்டை வெளிக் காண்ட்ராக்டருக்கு விட்டுவிடுவோம் என்று புதுத் துரை சொல்லிவிட்டார். காண்ட்ராக்டரிடம் சொந்த மெஷினும் இருக்கிறது, பிடிக்க ஆளும் இருக்கிறான்.

என் வேலை எதோடு கட்டியது என்று உனக்குத் தெரியும். மெஷின் போனால் வேலை, வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. அதனால் ரிப்பேர் என்று எழுதி வாங்கி அனுப்பு. வேறு எதையும் பேச வேண்டாம்.

ராக்கப்பன்


சித்தூர்,
28 ஜனவரி 1974

மச்சானுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. வேறு எதையும் பேச வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசத்தான் போகிறேன். பிடிக்காவிட்டால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

முதலில் மெஷின். சிலிண்டருக்குள் நெடுக்குக் கோடு விழுந்திருக்கிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்து தகடாகிவிட்டது. அதனால்தான் மூச்சு முட்டுகிறது. எங்கள் முதலாளி காளிச்சாமிக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்துப் பம்புசெட்டு எஞ்சின். இதைப் பிரித்து மேசையில் பரப்பியதும் வெற்றிலையை மென்றுகொண்டே சுற்றிச் சுற்றி வந்தார். "ஏண்டா சின்னமுத்து, இது உங்க மச்சானுக்கு முந்தியே ரிட்டயர் ஆயிருக்கோணும் போல இருக்குதே. இதக் கட்டீட்டு எப்பிட்றா மாரடிக்கறாரு" என்றார். பிறகு அவரே, "கடைசல்ல குடுத்து வளையம் புடிச்சா ஓடுமாக்கும்" என்றும் சொன்னார். ஆக, ரிப்பேர் செய்ய முடியும்.

இனி அந்தக் கம்பி. ஸ்பிரிங் போய்விட்டது என்று எழுதினீர்கள். கழற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங் புதிது மாதிரி இருக்கிறது. கம்பியை அவிழ்த்ததும் விசை தானாகத் திரும்புகிறது. பிறகு எதற்குக் கட்டினீர்கள்? கால் வழுக்கி விழுந்தால் கையை எடுத்ததும் சங்கிலி நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஸ்பிரிங். நீங்கள் கட்டி வைத்திருப்பதால் நீங்கள் விழுந்தாலும் அது ஓடும், உங்கள் தொடைமேலும் ஓடும். முன் கைப்பிடியில் சைக்கிள் டியூபும் அதன் மேல் கம்பளித் துண்டும் சுற்றியிருக்கிறது. விரல் விசையை அழுத்தவில்லை, கை குளிரையும் அதிர்வையும் தாங்கவில்லை. அப்படித்தானே?

உங்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். எழுதாமல் சீட்டு வராது.

நிரந்தர ஆட்களின் செக்ரோல் பதிவிலிருந்து உங்கள் பேரை எடுத்துவிட்டு 'மெஷின் உள்ளவரை' என்று டைப் அடித்த தாளை நீட்டினார்களே, அன்றைக்குக் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்துச் சொன்னேன். கூடுதல் சம்பளம் கொடுப்பது உங்களை உயர்த்துவதற்கு இல்லை, நிரந்தரத் தொழிலாளி ஒருவரைக் குறைப்பதற்கு என்று. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். வாள்காரர் என்று லயம் முழுக்கக் கூப்பிட்டது உங்களுக்கு இனித்தது.

சின்னமுத்து


மேல்சோலை,
6 பிப்ரவரி 1974

மாப்பிள்ளைக்கு,

நான் மெக்கானிக்கிடம் மெஷினைக் கொடுத்தேன். டாக்டரிடம் கையைக் கொடுக்கவில்லை.

நீ ஸ்டிரைக்கில் முன்னால் நின்றாய், உன்னை வேலையிலிருந்து கழித்தார்கள், ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினாய். அது தைரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி ஒன்றுதான் இருந்தது. என்னிடம் மூன்று பிள்ளைகளும் உன் அக்காளும் இருந்தார்கள். இனித்தது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், இனித்தது. அப்பன் காலத்திலிருந்து மட்டமாகவே பேசிக் கேட்ட காதுக்கு அது இனிக்காதா?

ரோப்வே ஓட்டிய சங்கையாவை உனக்கு நினைவிருக்கும். லாரி வந்ததும் ரோப்வேயை நிறுத்தினார்கள். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு தாள்தான். வீட்டைக் காலி செய்யச் சொன்னதற்கு மழை முடியட்டும் என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு பேர் வந்து கதவை மட்டும் கழற்றி ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜூன் மாதம். வாசலில் கம்பளியைக் கட்டி வைத்துக்கொண்டு அந்த ஆள் குடும்பத்தோடு எப்படி இருந்தார் என்று எதிர் லயத்திலிருந்து பார்த்தவன் நான். அதைப் பார்த்த பிறகு என்னிடம் நீ சட்டம் பேசினால் என் காதில் ஏறாது.

கையைப் பற்றிக் கேட்டாய். குளிர்காலத்துக் காலையில் விரல் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பிக்கும். சுண்ணாம்பு பூசினது போல விரலின் பாதி வரைக்கும் வெள்ளை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. வெயில் ஏறியதும் ரத்தம் திரும்பும், அப்போது வலிக்கும். மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. டிஸ்பென்சரியில் பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று தைலம் கொடுத்தார்கள். விசையைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று எனக்கே தெரியாமல் போவதால்தான் கம்பி.

உன் அக்காள் பூமாரியிடம் மறைத்தேன். போன வாரம் சோற்றைப் பிசையும்போது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எதுக்கு எல்லாத்தையும் கீழ சிந்துதிய, பச்சப்புள்ள கணக்கா" என்றாள். நான் சாம்பார் சுடுகிறது என்றேன். அவள் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது ஆறிப்போய் இருந்தது. எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து கரண்டி வைக்கிறாள்.

எல்லாம் சொல்லியாயிற்று. இனி ரிப்பேர் என்று எழுதி அனுப்பு.

ராக்கப்பன்


சித்தூர்,
16 பிப்ரவரி 1974

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என்னிடம் பெட்டி ஒன்றுதான் இருந்தது என்ற கணக்கு நான் எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. அது சரிதான்.

கோயம்புத்தூர் போய் வளையத்துக்கு அளவு கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தேன். சிலிண்டரைத் தேய்த்து மாட்டினேன். இரண்டாவது இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. காளிச்சாமி கைதட்டினார். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்த புளியமரத்தில் ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை நான் அறுத்தேன். அதன் பிறகு ஒரு சின்ன நட்டைத் திருகில் ஏற்ற முடியவில்லை. கை என்னுடையது போலவே இல்லை. மாலைவரை உள்ளங்கைக்குள் வண்டு இரைந்துகொண்டே இருந்தது. இது ஒரே ஒரு டேங்க். நீங்கள் நாலு வருடம்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் புது மெஷின் ஒன்றைப் பார்த்தேன். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் கட்டை வைத்திருக்கிறார்கள். அதிர்வு அதிலேயே செத்துவிடுகிறது. நம்முடையதில் உடம்பும் கைப்பிடியும் ஒரே வார்ப்பு. எங்கே ரப்பர் வைப்பது என்று நானும் அறுத்துப் பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டேன். இடமே இல்லை. பிடிக்கிறவனுக்குக் கை இருக்கும் என்று நினைக்காமலே செய்த மெஷின். அதனால் நன்றாகக் கேளுங்கள்: நான் எவ்வளவு நன்றாக ரிப்பேர் செய்கிறேனோ, அவ்வளவு நேரம் அது ஓடும், அவ்வளவு சீக்கிரம் உங்கள் கை போகும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ரிப்பேர் என்றும் எழுத வேண்டாம், கண்டம் என்றும் எழுத வேண்டாம். மெஷின் இங்கேயே கிடக்கட்டும். மார்ச்சில் கோடை மழை விழுந்தால் தேயிலைக் கொழுந்து குவியும், அதை உலர்த்தப் பாக்டரியில் அடுப்பு இரவும் பகலும் எரிய வேண்டும். விறகு இல்லாவிட்டால் கொழுந்து அழுகும். காண்ட்ராக்டர் வந்து சேர்வதற்கும் நாள் ஆகும். அதுவரை அவர்களுக்கு நீங்கள் வேண்டும். 'என் பேரைத் திரும்பச் செக்ரோலில் ஏற்றுங்கள், பிறகு மெஷின் வரும்' என்று ஆபீசில் சொல்லுங்கள்.

முதலாளியிடம் இதைச் சொன்னேன். "நான் எஞ்சின் ரிப்பேர்காரனா, உங்க யூனியன் ஆபீசா" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வேலை நடந்துட்டிருக்குதுன்னு வேணா எழுதித் தாரன். அது பொய்யில்லீல்ல. மேசமேல தானே கெடக்குது" என்றார். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

சின்னமுத்து


மேல்சோலை,
3 மார்ச் 1974

மாப்பிள்ளைக்கு,

சீட்டை ஆபீசில் கொடுத்தேன். கிளார்க் படித்துவிட்டு, இதில் எப்போது முடியும் என்று இல்லையே என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்தான்.

விறகுக் காட்டில் ஆட்களுக்குக் குறுக்குவாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுக்கிறார்கள். சம்பளம் குறையவில்லை, அவர்களெல்லாம் செக்ரோலில் இருக்கிறவர்கள். ஆனால் தோள் போகிறது. நான் மரம் அறுக்கும்போது வெட்டில் ஆப்பு இறக்கிக் கொடுக்கிற சுருளிவேலைத் தெரியுமல்லவா, போன ஐப்பசியில் கல்யாணம் ஆனவன். அவன் நேற்று எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னண்ணே, ஒங்க மச்சினன் சங்கிலியப் பிரிச்சுப் பல்லுக்குப் பல்லு பேரு வச்சுக்கிட்டு இருக்கானா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் தோளில் நின்றுகொண்டு என் பேருக்குப் பேரம் பேசுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. இது சரியா என்று உன்னிடம் கேட்கிறேன். உனக்கு யூனியனில் இதெல்லாம் பழக்கம். எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. வியாழக்கிழமை எஸ்டேட்டு வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் சுவக்கீன் சார் எங்கள் லயத்துக்கு வந்தார். காட்டில் நம்மை மேய்க்கிற மனிதர் வாசல்வரை வந்து பார்த்ததில்லை. "ராக்கப்பா, மெஷின் எப்ப வரும், அத மட்டும் சொல்லு" என்றார். நான் நிமிர்ந்து நிற்பதற்குள் பூமாரி உள்ளே இருந்து வந்துவிட்டாள்.

"மெஷின் வரும் சார். இவரு பேரு செக்ரோலுக்கு எப்ப வரும்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது சார். எழுதுன தாள்ல ரெண்டையும் சேத்து எழுதுனது நீங்கதான."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆபீசில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவளுக்கு நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. உன் கடிதங்களை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மழை இரண்டு நாள் பெய்தது. கொழுந்து வர ஆரம்பித்துவிட்டது.

ராக்கப்பன்


சித்தூர்,
11 மார்ச் 1974

மச்சானுக்கு,

சரியா என்று கேட்டீர்கள். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். எனக்குப் பழக்கம் என்பது உண்மை. அடுத்தவர் தோளைக் கேட்காமல் கடன் வாங்குவதும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான். அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர்கள் கரித்துக்கொட்டினால் மெஷினை அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். சொல்லாமல் இருப்பதுதான் தப்பு, கேட்பது தப்பில்லை.

அக்காளுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, அவள் பாட்டுக்குச் செய்திருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம். நாம் இரண்டு ஆம்பிளைகளும் காகிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறது. இவ்வளவு சுத்தமாக நான் எந்த எஞ்சினையும் பூட்டியதில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

சின்னமுத்து


மேல்சோலை,
24 மார்ச் 1974

மாப்பிள்ளைக்கு,

என் பேரைச் செக்ரோலில் ஏற்றிவிட்டார்கள். புது ஆள் என்றுதான் ஏற்றியிருக்கிறார்கள், பழைய வருடங்கள் எல்லாம் தண்ணீரில் போனது மாதிரி. உரம் போடும் வேலை. கூடை தூக்கவும் கையால் அள்ளி வீசவும் விரல் போதும். செடி வெட்டுகிற கவாத்துக்கு அனுப்பியிருந்தால் கத்தி கையில் நிற்காது, அதை சுவக்கீன் சாரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். வீடு இருக்கிறது. பூமாரி வாசலில் புதிதாக ஒரு தகரம் அடிக்கச் சொல்கிறாள். இத்தனை நாள் அடிக்கச் சொன்னதில்லை.

விறகுக் காட்டு ஆட்களிடம் நீ சொன்னபடி சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். மற்றவர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்கள். அவ்வளவுதான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நான் விட்ட இடத்துக்குச் சுருளிவேலைக் கேட்டிருக்கிறார்கள். அதே தாள், அதே கூடுதல் சம்பளம். மெஷின் வந்து இறங்கும் அன்றைக்குக் கையெழுத்து. நான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து என் கையைக் காட்டினேன். காலை நேரம், வெள்ளையாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான். "ஒங்க கை வயசான கைண்ணே. ரத்தம் சுண்டிப்போச்சு" என்றான். நான் மெஷினைப் பிடித்தபோது எனக்கு என்ன வயது என்று அவன் யோசிக்கவில்லை. "நாலு வருசம் நீங்க சம்பாரிச்சிய. எம் முறை வந்ததும் கையக் காட்டுதிய" என்று எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பு என்ன? என்னிடம் நீ சொன்னபோது நான் சிரித்தேன். அவன் சிரிக்கக்கூட இல்லை.

கண்டம் என்று எழுதி அனுப்பு.

நல்ல நிலையில் ஓடுகிறது, நீதான் உயிர் கொடுத்தாய் என்று தெரியும். எனக்கு வேண்டியிருந்தபோது ரிப்பேர் என்று எழுதச் சொல்லி உன் உயிரை வாங்கினேன். இப்போது எனக்கு வேண்டாத நேரத்தில் இதைக் கேட்கிறேன். காண்ட்ராக்ட் வந்தால் விறகுக் காட்டு ஆட்கள் தோட்ட வேலைக்குத் திரும்புவார்கள், பேர் இருக்கிறது, வீடு இருக்கிறது. சுருளிவேல் மட்டும் என் முகத்தில் விழிக்க மாட்டான். விழிக்காமல் இருக்கட்டும். அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. தூக்கும்போது கையில் அதன் சூடு தெரிய வேண்டும். என் கடைசிப் பிள்ளையை நான் கன்னத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

ராக்கப்பன்


சித்தூர்,
2 ஏப்ரல் 1974

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "அந்த மனுசன் சொல்றது நாயந்தான். ஆனாலும் ஓடற எஞ்சினச் செத்துப்போச்சுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டன். நாளைக்கு எவனாச்சும் வந்து கயித்த இழுத்தான்னா எம்பட பேரு என்ன ஆகறது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அதனால் சிலிண்டரைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். முதல் அடியில் விரியவில்லை. நன்றாகச் செய்திருந்தேன். மூன்றாவது அடியில் இரண்டாகப் போனது. காளிச்சாமி டீக்கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். "அட பாவி, ராத்திரியும் பகலும் ஒக்காந்து சீவி சிங்காரிச்சவனும் நீதானே" என்றார். பிறகு காகிதம் கொண்டுவரச் சொன்னார். சிலிண்டர் உடைந்தது, மாற்று இல்லை, கண்டம். இப்போது அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. சீட்டும் உடைந்த துண்டும் சூசையப்பன் வண்டியில் வருகிறது.

எனக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்டது மாதிரி இல்லை. ஒரு மெஷினை உடைத்தேன். 'மெஷின் உள்ளவரை' என்ற அந்தத் தாள் ஆபீஸ் மேசையில் அப்படியேதான் இருக்கிறது, வேறு ஒரு வேலைக்கு வேறு ஒருவனிடம் நீட்டுவார்கள். காண்ட்ராக்டரின் புது மெஷினில் ரப்பர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அதைப் பிடிக்கிறவனுக்கு எந்தச் செக்ரோலும் கிடையாது, மரத்தடியில் படுப்பான், மரம் தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் போவான். சுருளிவேலைக் காப்பாற்றி அந்தக் காண்ட்ராக்டர் ஆளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறோம். அவன் பேர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் வந்து சேர்ந்ததும் போய்ப் பாருங்கள். எந்த ஊர், என்ன பேர் என்று கேளுங்கள். குளிர் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் காலையில் உங்கள் கையைக் காட்டுங்கள். அவனும் எழுந்து போவான். போகட்டும். காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சின்னமுத்து